எஃப்1 கதவு மூடினால் எந்தக் கதவு திறக்கும்?

ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தில் 2026-ஆம் ஆண்டு மொத்தம் 22 இருக்கைகள். அதற்கு முந்தைய ஆண்டு வரை 20 இருக்கைகளே இருந்தன. கேடிலாக் 11-ஆவது குழுவாக வந்து சேர்ந்ததால் இரண்டு கூடியது. உலகம் முழுவதற்கும் இவ்வளவுதான். கீழ்நிலைப் பந்தயங்களிலிருந்து ஆண்டுதோறும் இளைஞர்கள் மேலே ஏறி வருகிறார்கள். ஒருவர் உள்ளே வர வேண்டுமென்றால், இன்னொருவர் எழுந்து இடம் கொடுத்தாக வேண்டும்.

அப்படி எழுந்து போகிறவருக்குப் பல வேளைகளில் முப்பது வயதுகூட ஆகியிருக்காது. ஏழெட்டு வயதில் கோ-கார்ட்டில் உட்கார்ந்தவர் அவர். பள்ளி விடுமுறை, நண்பர்களோடு விளையாட்டு, குடும்பத்தின் சேமிப்பு என எல்லாவற்றையும் இந்த ஒரே இலக்குக்காகக் கொடுத்தவர். தொலைக்காட்சித் திரையிலிருந்து அவர் முகம் மறைந்ததும், ‘அவர் கதை முடிந்தது’ என்று பார்ப்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையிலேயே முடிந்துவிடுகிறதா?

அலெக்ஸ் யூங் நடந்த பாதை

இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய ஒரே மலேசியர் அலெக்ஸ் யூங். 2001 செப்டம்பரில் இத்தாலியப் பந்தயத்தில் மினார்டி காரில் அவர் அறிமுகமானார். 2002-இன் முதல் பந்தயத்தில், மெல்பர்னில், ஏழாவதாக வந்தார். அக்காலத்தில் முதல் ஆறு பேருக்கே புள்ளிகள். இன்று போல் முதல் பத்துப் பேருக்கும் புள்ளிகள் இருந்திருந்தால், அவர் பெயருக்கு நேராகவும் ஓர் எண் ஏறியிருக்கும்.

மினார்டி பண வசதி குறைந்த குழு. அவ்வாண்டு மூன்று பந்தயங்களில் யூங்கால் தகுதிச் சுற்றைத் தாண்ட முடியவில்லை. இரண்டு பந்தயங்களுக்கு அவர் இருக்கையில் வேறொருவர் அமர்த்தப்பட்டார். பருவம் முடிந்தபோது அவரின் ஃபார்முலா 1 வாழ்க்கையும் முடிந்தது. அப்போது அவருக்கு வயது 26.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பலர் கவனிக்கவில்லை. 2003-இல் அவர் அமெரிக்காவின் சேம்ப் கார் தொடருக்குப் போனார். 2005-இல் தொடங்கிய ஏ1 கிராண்ட் பிரிக்ஸ் தொடரில், நாட்டின் கொடியைத் தாங்கிய மலேசியக் காரை ஓட்டி வெற்றிகளும் கண்டார். 2006-இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் கலந்துகொண்டார். ஆசியாவில் ஆவ்டி ஆர்8 கார்களுக்கென்றே நடந்த கோப்பைத் தொடரில் 2014, 2015, 2016 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வாகை சூடினார். இடையில் ஆசியத் தொலைக்காட்சியில் ஃபார்முலா 1 வல்லுநராகவும் அமர்ந்தார்.

ஃபார்முலா 1-இல் ஒரு புள்ளிகூட எடுக்காதவர் என்று ஏட்டில் இருக்கும் அதே மனிதர், நாற்பது வயதை எட்டிய ஆண்டிலும் சாம்பியன். கதவு ஒன்று மூடியதே தவிர, தொழில் முடியவில்லை.

சம்பளம் யார் கொடுப்பது?

மற்ற கதவுகளைப் பார்க்கும் முன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வது நல்லது. பந்தய ஓட்டுநருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஃபார்முலா 1-இன் சிறிய குழுக்களில், திறமையோடு விளம்பரதாரர்களின் பணத்தையும் கொண்டுவரும் ஓட்டுநர்கள் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறார்கள். பணம் நின்றால் இருக்கையும் போகும். கார் நிறுவனங்கள் நேரடியாக நடத்தும் நெடுநேரப் பந்தயக் குழுக்களில் நிலைமை வேறு. அங்கே நிறுவனம் ஓட்டுநரைத் தேர்ந்தெடுத்துச் சம்பளம் கொடுக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. உலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனம் இத்தகைய பந்தயங்களின் ஓட்டுநர்களை வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என நான்கு தரங்களாகப் பிரிக்கிறது. முழுநேரத் தொழிலாக ஓட்டாதவர்கள் வெண்கலம். ஃபார்முலா 1-இல் ஓடியவர்கள் பொதுவாகப் பிளாட்டினம். உலக நெடுநேரப் பந்தயத் தொடரின் ஜிடி3 பிரிவில், ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கல ஓட்டுநர் இருந்தே ஆக வேண்டும். அவர் பெரும்பாலும் வேறு தொழிலில் சம்பாதித்துவிட்டு, ஆர்வத்தினால் பந்தயத்துக்கு வந்தவராக இருப்பார். அவருக்குப் பக்கத்தில் வேகமான தொழில்முறை ஓட்டுநர்கள் தேவை. அவர்கள் காரை ஓட்டினால் மட்டும் போதாது. அதைச் சீரமைக்க உதவ வேண்டும், வெண்கல ஓட்டுநருக்குச் சொல்லியும் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூட ஆசிரியரைப் போன்ற பொறுமை அதற்கு வேண்டும்.

24 மணி நேரக் கதவு

ஃபார்முலா 1-ஐ விட்டு வெளியேறுவோருக்கு இன்று அகலமாகத் திறந்திருக்கும் கதவு நெடுநேரப் பந்தயம். இதில் சிகரம் லெ மான்ஸ். தடத்தின் நீளம் 13.626 கிலோமீட்டர். அறுபதுக்கும் மேற்பட்ட கார்கள், வெவ்வேறு வேகப் பிரிவுகளில், பகலும் இரவும் ஒரே தடத்தில் ஓடுகின்றன. ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள். 24 மணி நேரத்தில் ஒருவர் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது.

ஃபார்முலா 1-இல் கார் ஒருவருக்கு மட்டுமே சொந்தம். இருக்கை அவர் உடம்பின் அச்சில் வார்க்கப்படும். பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் அவர் கைக்கும் காலுக்கும் ஏற்றபடி அமையும். லெ மான்ஸில் மூன்று பேரும் ஒரே காரோடு ஒத்துப்போக வேண்டும். தனக்குப் பிடித்த அமைப்பை விட்டுக்கொடுக்க வேண்டும். தன் சகாவைத் தோற்கடிப்பதையே பாடமாகப் படித்து வந்தவர், இங்கே சகாவின் வெற்றிதான் தன் வெற்றி என்று புதிதாகப் படிக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் செபாஸ்டியன் புவேமி அந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவர். 2009 முதல் 2011 வரை டோரோ ரோசோ குழுவில் ஓடினார். பிறகு அவருக்கு அங்கே இடமில்லை. டொயோட்டா குழுவில் சேர்ந்து 2018, 2019, 2020, 2022 என நான்கு முறை லெ மான்ஸை வென்றார். நெடுநேரப் பந்தய உலகப் பட்டமும் அவருக்கு நான்கு முறை கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் மார்க் வெப்பர் 2013-இல் ஃபார்முலா 1-ஐ விட்டு போர்ஷே குழுவுக்குப் போனார். 2015-இல் இரண்டு சகாக்களோடு உலகப் பட்டம் வென்றார்.

சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் இந்தக் கதவைத் தட்டியவர்தான். 2010-இல் ஹிஸ்பானியா, 2011-இல் லோட்டஸ் என அவரின் ஃபார்முலா 1 வாய்ப்பு குறுகியது. 2012-இல் லெ மான்ஸில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். அவரின் கார் ஆறாவது இடத்தில் முடித்தது.

ஃபார்முலா 1 பக்கமே போகாமல் இங்கே வந்தவர்களும் உண்டு. 2018 லெ மான்ஸில், எல்எம்பி2 பிரிவில், ஜாஸ்மான் ஜாஃபார், வெய்ரோன் டான், நபில் ஜெஃப்ரி என மூன்று மலேசியர்கள் ஒரே காரைப் பகிர்ந்து ஓட்டினார்கள்.

அமெரிக்கா: மாணவனாகப் போனவருக்கே மாலை

அடுத்த கதவு அமெரிக்காவில் இருக்கிறது. இண்டிகார் ஃபார்முலா 1 போலவே ஒற்றை இருக்கைக் கார். ஆனால் எல்லாக் குழுக்களுக்கும் டல்லாரா தயாரித்த ஒரே வகைக் கார்தான். ஹோண்டா அல்லது செவர்லே இயந்திரம். பணக்காரக் குழு ஏழைக் குழுவை எட்ட முடியாத தூரத்தில் விட்டுச் செல்வது அங்கே கடினம். ஸ்டீயரிங்கைத் திருப்ப இயந்திர உதவி கிடையாது. கைப் பலத்தால்தான் திருப்ப வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓவல் தடம் இருக்கிறது. இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் 200 சுற்றுகள், ஏறக்குறைய 804 கிலோமீட்டர். திருப்பங்கள் நான்கும் இடப்பக்கமே. பார்ப்பதற்கு எளிது. ஆனால் மணிக்கு 350 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில், முன்னால் போகும் கார் கலைத்துவிட்ட காற்றுக்குள் நுழையும்போது, கைக்கு எட்டிய அளவில் சுவர் இருக்கிறது.

சுவீடனின் மார்கஸ் எரிக்சன் ஃபார்முலா 1-இல் 97 பந்தயங்கள் ஓடினார். ஒருமுறைகூட முதல் மூவரில் ஒருவராக மேடை ஏறியதில்லை. 2019-இல் இண்டிகாருக்குப் போய், 2022-இல் இண்டியானாபோலிஸ் 500-ஐ வென்றார். ஜப்பானின் தக்குமா சாத்தோவின் ஃபார்முலா 1 வாழ்க்கையில் ஒரே ஒரு மேடை. 2004-இல் அதுவும் இண்டியானாபோலிஸில்தான் கிடைத்தது. 2017-இல் அவர் இண்டியானாபோலிஸ் 500-ஐ வென்ற முதல் ஆசியர் ஆனார். 2020-இல் மீண்டும் வென்றார்.

இதே இடத்தில் பெரிய பெயரும் தடுக்கி விழுந்திருக்கிறது. இருமுறை உலகச் சாம்பியனான ஃபெர்னாண்டோ அலோன்சோ 2017-இல் அங்கே 27 சுற்றுகள் முன்னிலை வகித்தார். கடைசிக் கட்டத்தில் இயந்திரம் பழுதானது. 2019-இல் மீண்டும் போனார். அவரும் குழுவும் தகுதிச் சுற்றையே தாண்டவில்லை. உலகச் சாம்பியன் என்ற பட்டம் அந்த ஓவல் தடத்துக்குத் தெரியாது. தயாரிப்பு சரியாக இருந்ததா என்பதை மட்டுமே அது கேட்கும்.

ஆபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் பஹ்ரைனில் கார் இரண்டாகப் பிளந்து தீப்பற்றியபோது, பிரான்சின் ரொமேன் கிரோஷான் தீக்குள்ளிருந்து தானே வெளியேறி உயிர் தப்பினார். அடுத்த ஆண்டே இண்டிகாருக்குப் போனார். ஆனால் பிள்ளைகளுக்குத் தந்தையான அவர், முதல் பருவத்தில் பெரும்பாலான ஓவல் பந்தயங்களைத் தவிர்த்தார். எந்தக் கதவுக்குள் எவ்வளவு தூரம் போவது என்று முடிவெடுப்பதும் ஓட்டுநரின் திறமையில் ஒரு பகுதி.

கனமான, கூரையுள்ள கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடும் நாஸ்கார் பந்தயமும் அமெரிக்காவில்தான். கொலம்பியாவின் ஹுவான் பாப்லோ மொன்டோயா 2006-இன் நடுவில் ஃபார்முலா 1-ஐ விட்டு அங்கே போனார். ஏழு பருவங்கள் ஓடி இரண்டு பந்தயங்களை வென்றார். பின்னர் இண்டிகாருக்குத் திரும்பி, 2000-இல் வென்ற இண்டியானாபோலிஸ் 500-ஐ 2015-இல் மறுபடியும் வென்றார்.

ஜப்பான்: வென்றவர் சுமை தூக்க வேண்டும்

ஆசியாவிலேயே உயர்தரமான கதவு ஜப்பான். அங்கே இரண்டு தொடர்கள் உண்டு. ஒற்றை இருக்கைக் கார்களுக்குச் சூப்பர் ஃபார்முலா. கூரையுள்ள கார்களுக்குச் சூப்பர் ஜிடி. சூப்பர் ஜிடியில் ஒரு வேடிக்கையான விதி இருக்கிறது. புள்ளிகள் எடுக்கும் காருக்கு அடுத்த பந்தயத்தில் கூடுதல் சுமை ஏற்றுவார்கள். வென்றவர் மேலும் மேலும் வெல்வதை அது கடினமாக்கும். இந்தத் தொடர் பல ஆண்டுகள் சிப்பாங் தடத்துக்கும் வந்து ஓடியது. 2013-க்குப் பிறகு நின்று, 2025 ஜூனில் மீண்டும் அங்கே வந்தது.

2009 உலகச் சாம்பியன் ஜென்சன் பட்டன், 2018-இல் நவோக்கி யாமாமோத்தோவுடன் ஹோண்டா காரைப் பகிர்ந்து, தம் முதல் முழுப் பருவத்திலேயே சூப்பர் ஜிடி பட்டத்தை வென்றார்.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான பெயர் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஜோர்டன் குழுவில் ஃபார்முலா 1-இல் ஓடிய முதல் இந்தியர். ஒரே ஆண்டில் இருக்கை போனது. அவர் உட்காரவில்லை. 2007-இல் சீனாவின் ஜுஹாயில் இந்தியாவுக்கு முதல் ஏ1 கிராண்ட் பிரிக்ஸ் வெற்றியைத் தேடித் தந்தார். 2010-இல் நாஸ்காரின் டிரக் பந்தயத்தில் ஓடினார். 2011, 2012-இல் ஹிஸ்பானியா வழியாக ஃபார்முலா 1-க்கே திரும்பினார். மறுபடி கதவு மூடியதும், 2014 முதல் 2018 வரை சூப்பர் ஃபார்முலாவில் ஓடினார். 2019-இல் சூப்பர் ஜிடிக்கு மாறினார். அவ்வாண்டு நவம்பரில், ஜப்பானிய, ஜெர்மானியத் தொடர்களின் கார்கள் ஃபுஜி தடத்தில் ஒன்றாக ஓடிய பந்தயங்களில் ஒன்றை வென்றபோது அவருக்கு வயது 42.

மின்சாரக் கதவு

2014-இல் தொடங்கிய ஃபார்முலா இ மின்சாரக் கார்களுக்கான தொடர். அதன் இரண்டாவது பந்தயமே புத்ராஜெயாவின் சாலைகளில்தான் நடந்தது. இதில் முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தால், கோட்டைத் தொடும் முன் மின்கலம் வற்றிவிடும். திருப்பத்துக்கு முன்பே காலைத் தூக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் சக்தியைத் திரும்பச் சேமிக்க வேண்டும். கையில் இருக்கும் பணத்தை மாதக் கடைசி வரை பார்த்துச் செலவழிக்கும் குடும்பத் தலைவியின் கணக்கு இது.

முதல் ஐந்து பருவங்களின் பட்டங்களையும் முன்னாள் ஃபார்முலா 1 ஓட்டுநர்களே வென்றார்கள். இளைய நெல்சன் பிக்கே, புவேமி, லூக்காஸ் டி கிராசி ஆகியோர் தலா ஒரு முறை. பிரான்சின் ஷான்-எரிக் வேர்ன் இரண்டு முறை. 2014 இறுதியில் டோரோ ரோசோ விடுவித்தவர்தான் வேர்ன்.

மண் பாதையும் ஒலிவாங்கியும்

கதவுகளிலேயே குறுகியது ராலி. ஒரே தடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றி மனப்பாடம் செய்தவர், காடு, மண், பனி வழியே, பக்கத்து இருக்கையில் இருப்பவர் வாசிக்கும் குறிப்பை நம்பி ஓட்ட வேண்டும். 2007 உலகச் சாம்பியன் கிமி ராய்க்கோனன் 2010, 2011 ஆண்டுகளில் இதை முயன்றார். அவர் எட்டிய உயர்ந்த இடம் ஐந்தாவது. பிறகு 2012-இல் ஃபார்முலா 1-க்குத் திரும்பி அவ்வாண்டே ஒரு பந்தயத்தை வென்றார்.

போலந்தின் ராபர்ட் குபிச்சாவின் கதை கேட்போரை உலுக்கும். ஃபார்முலா 1-இல் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2011 பிப்ரவரியில் இத்தாலியில் ஒரு ராலி விபத்தில் அவரின் வலக்கை கடுமையாகச் சிதைந்தது. அந்தக் கையோடு 2013-இல் உலக ராலியின் இரண்டாம் பிரிவுப் பட்டத்தை வென்றார். 2019-இல் வில்லியம்ஸ் காரில் ஃபார்முலா 1-க்குத் திரும்பினார். 2025-இல் ஃபெராரி காரில் லெ மான்ஸ் பந்தயத்தையே வென்றார். விபத்துக்கும் அந்த வெற்றிக்கும் இடையே 14 ஆண்டுகள்.

ஸ்டீயரிங்கைப் பிடிக்காமலும் பிழைக்கலாம். குழுக்களில் மாற்று ஓட்டுநராகவும் ஒப்புருவி இயந்திரத்தில் காரைச் சோதிப்பவராகவும் வேலை உண்டு. வால்டேரி போட்டாஸ் 2024 இறுதியில் இருக்கையை இழந்து, 2025 முழுவதும் மெர்சிடிஸின் மாற்று ஓட்டுநராகக் காத்திருந்து, கேடிலாக் குழுவில் இடம் பிடித்தார். கருண் சந்தோக் தொலைக்காட்சி வல்லுநராகப் பெயர் எடுத்தார்.

திரும்பி வரும் வழி

வெளியே போனவர் உள்ளே வரவே முடியாது என்பதும் தவறு. நியூசிலாந்தின் பிரெண்டன் ஹார்ட்லியை ரெட் புல் 2010-இல் இளையோர் திட்டத்திலிருந்து நீக்கியது. அவர் போர்ஷேயில் சேர்ந்து உலகப் பட்டமும், 2017-இல் லெ மான்ஸ் வெற்றியும் பெற்றார். அதே ஆண்டு அக்டோபரில், ரெட் புல்லின் துணைக் குழுவான டோரோ ரோசோவில் அவருக்கு ஃபார்முலா 1 இருக்கை கிடைத்தது. 2018 இறுதியில் அது போனது. டொயோட்டாவுக்குப் போய் மேலும் இருமுறை லெ மான்ஸை வென்றார்.

அலோன்சோவும் அப்படித்தான். 2018 இறுதியில் வெளியேறி, நெடுநேரப் பந்தய உலகப் பட்டம், டேட்டோனா 24 மணி நேர வெற்றி, 2020 டக்கார் பாலைவனப் பந்தயத்தில் 13-ஆவது இடம் என்று சுற்றிவிட்டு, 2021-இல் ஃபார்முலா 1-க்கே திரும்பினார்.

பெற்றோர் சிந்திக்க

சிப்பாங்கில் ஃபார்முலா 1 பந்தயம் 1999 முதல் 2017 வரை நடந்தது. சிங்கப்பூரின் இரவுப் பந்தயம் 2008-இல் தொடங்கியது. இவற்றைப் பார்த்துப் பிள்ளையின் கையில் கோ-கார்ட்டைக் கொடுத்த பெற்றோர் இங்கே பலர். வீட்டை அடமானம் வைக்கலாமா, பள்ளியை நிறுத்தலாமா என்ற கேள்விகள் அத்தகைய குடும்பங்களில் எழுவது இயல்பு.

22 இருக்கைகளில் ஒன்று கிடைத்தால்தான் வெற்றி, இல்லாவிட்டால் எல்லாம் வீண் என்று பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தால், கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் தோற்றவர்களாகவே வளர்வார்கள். கார் ஓட்டுவது ஒரு தொழில் என்றும், ஃபார்முலா 1 அதில் ஒரு வேலையிடம் என்றும் சொல்லி வளர்த்தால், அதே பிள்ளைக்குப் பல நாடுகளில் பல கதவுகள் உண்டு.

ஆனால் அந்தக் கதவுகள் பழைய பெருமையைப் பார்த்துத் திறப்பதில்லை. எரிக்சனும் சாத்தோவும் புவேமியும் புதிய இடத்தில் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். சகாவோடு காரைப் பகிரவும், பொறியாளரிடம் தெளிவாகப் பேசவும், அயல்நாட்டில் அயல்மொழி நடுவே வாழவும் கற்றார்கள். பள்ளிப் படிப்பும் மொழியறிவும் பணிவும் பந்தயத்துக்குத் தேவையில்லாதவை என்று நினைக்கும் பெற்றோர், இவர்களின் வாழ்க்கையை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. முதல் இருக்கையை வேகம் வாங்கிக் கொடுக்கலாம். இரண்டாவது இருக்கையை வாங்கிக் கொடுப்பது கற்றுக்கொள்ளும் மனம்தான்.